கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ-யை வைத்து மார்பகப் புற்றின் குறிப்பான்களைக் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"குறிப்பான்" என்று இங்கே சொல்வது ரத்தப் பரிசோதனையில் வருவதா, பயாப்சியில் வருவதா?

பயாப்சியில் வருவது. சிஏ 15-3, சிஇஏ போன்றவை ரத்தத்தில் அளப்பவை. பரவிவிட்ட நோய்க்குச் சிகிச்சை நடக்கும்போது கட்டி அதற்குக் கட்டுப்படுகிறதா என்று பார்க்க அவை ஓரளவு உதவும். நோயைக் கண்டுபிடிக்க உதவாது. இந்தப் பக்கம் பேசுவது, கட்டியின் திசுவில் சாயமேற்றிப் பார்க்கும் நான்கைப் பற்றி: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 (செல்லின் மேற்பரப்பில் உள்ள வளர்ச்சி ஏற்பி), கேஐ-67.

இவை எப்படி எண்ணப்படுகின்றன என்பது தெரியாமல் கணிப்பைப் பற்றிப் பேச முடியாது. ஹார்மோன் ஏற்பிகளில் 1% செல்களின் உட்கரு சாயம் ஏற்றாலே பாசிட்டிவ். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 1 முதல் 10% வரை இருந்தால் அதைக் 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று 2020-ல் வழிகாட்டு நெறி வந்தது. ஹெர்2-க்கு 0, 1+, 2+, 3+ என்று நான்கு படிகள். 3+ என்றால் பாசிட்டிவ்; 2+ வந்தால் ஃபிஷ் சோதனை செய்து மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். கேஐ-67 என்பது பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் சதவீதம். சிகிச்சையின் பெரும்பகுதி இந்த நான்கின்மேல்தான் நிற்கிறது: ஹார்மோன் மாத்திரையா, ஹெர்2-வைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியா, கீமோவா, எது முதலில் என்பதெல்லாம்.

ஏற்பி என்பது செல்லில் இருக்கும் புரதம். அது எம்ஆர்ஐ படத்துக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. கான்ட்ராஸ்ட் மருந்தில் உள்ள காடோலினியம் எந்த ஏற்பியிலும் போய் ஒட்டுவதில்லை. நரம்பில் ஏற்றிய மருந்து ரத்தக் குழாயிலிருந்து கசிந்து, செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளியில் கொஞ்ச நேரம் தங்கி, மறுபடி குழாய்க்குத் திரும்பிச் சிறுநீரில் போய்விடும். செல்லுக்குள் அது நுழைவதே இல்லை. ஆகவே படத்தில் தெரிவது குழாய்களின் எண்ணிக்கை, அவை கசியும் அளவு, செல்களுக்கு இடையே உள்ள இடம், ரத்தம் எட்டாமல் அழுகிப்போன பகுதி ஆகியவைதான்.

தொடர்பு மறைமுகமாக வருகிறது. வேகமாகப் பெருகும் கட்டிக்கு ஆக்சிஜன் போதாது. அது விஈஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது. அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்களின் சுவர் ஓட்டையும் ஒழுகலுமாக இருக்கும். ஹெர்2 தூண்டலும் விஈஜிஎஃப் சுரப்பைக் கூட்டும். மெதுவாக வளரும் ஹார்மோன் பாசிட்டிவ் கட்டியில் நாரிழைகள் அதிகம், அழுகல் குறைவு. இந்த வேறுபாடுகளின் நிழல்தான் படத்தில் விழுகிறது. ஒரே மாதிரி நிழலை இரண்டு வேறு பொருள்களும் போடலாம் என்பதைக் கடைசி வரை நினைவில் வைத்திருங்கள். இந்தத் துறையின் பெரும்பாலான ஏமாற்றங்கள் அதை மறப்பதால் வருபவை.

ஸ்கேன் எப்படி எடுக்கப்பட்டிருந்தால் கணிப்புக்குப் பயன்படும்?

1.5 அல்லது 3 டெஸ்லா கருவி, மார்பகத்துக்கென்றே உள்ள காயில் (சிக்னலை வாங்கும் ஆன்டெனா), குப்புறப் படுத்த நிலை. கொழுப்பின் ஒளிர்வை அடக்கிய முப்பரிமாண டி1 படம் (மருந்து ஏறிய இடம் இதில் ஒளிரும்); துண்டின் தடிமன் 2.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, துண்டுக்குள் 1 மி.மீ. நுணுக்கமாவது வேண்டும். மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு தொகுப்பு, பின் ஒவ்வொன்றும் 60 முதல் 120 வினாடிக்குள் முடியும் தொகுப்புகள் 4 அல்லது 5. இதோடு, நீர் வெள்ளையாகத் தெரியும் டி2 படமும் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படமும் எடுத்திருக்க வேண்டும்.

மருந்தின் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். பெரும்பாலான மருந்துகள் ஒரு மில்லிலிட்டரில் 0.5 மில்லிமோல் உள்ளவை. 60 கிலோ எடைக்கு 12 மி.லி. ஆகும். காடோபியூட்ரால் இதைப்போல் இரண்டு மடங்கு செறிவானது. அதே ஆளுக்கு 6 மி.லி. போதும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் பாதி மருந்தோ இரட்டிப்பு மருந்தோ போய்விடும், நேரத்தோடு ஒளிர்வு ஏறி இறங்குவதைக் காட்டும் வளைகோடு முழுதும் பொய்யாகிவிடும். வினாடிக்கு 2 மி.லி. வேகத்தில் இன்ஜெக்டர் மூலம் செலுத்தி, உடனே 20 மி.லி. சலைன் தள்ள வேண்டும். கையால் அழுத்தி ஏற்றினால் ஒருவருக்கு 5 வினாடியும் இன்னொருவருக்கு 20 வினாடியும் ஆகும். அதன் பிறகு அவர்களின் முதல் நிமிட ஒளிர்வை ஒப்பிடுவதில் பொருளில்லை.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருந்துக்கு முந்தைய தொகுப்புக்கும் பிந்தைய தொகுப்புக்கும் இடையில் கருவி மறுபடி தன்னைத்தானே டியூன் செய்துகொள்ளக் கூடாது. எம்ஆர்ஐ-யில் வரும் எண்ணுக்குச் சொந்த அலகு கிடையாது. சிக்னலைப் பெருக்கும் அளவு இடையில் மாறினால், மருந்தால் ஏறிய ஒளிர்வு எது, கருவி ஏற்றிய ஒளிர்வு எது என்று பிரிக்கவே முடியாது. படம் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். எண்கள் மட்டும் பாழ். சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு. மருந்து அவ்வளவாக ஏறாத மார்புத் தசையில் ஒரு சிறு வட்டம் போட்டு, எல்லாத் தொகுப்புகளிலும் அதன் மதிப்பைப் பாருங்கள். அது திடீரென்று குதித்தால் அந்த ஸ்கேனை அளவீட்டுக்கு எடுக்காதீர்கள்.

வளைகோடு என்கிறீர்களே, அதை எப்படிக் கணக்கிடுவது?

கட்டியில் மிக வேகமாக ஒளிரும் இடத்தில் குறைந்தது மூன்று பிக்சல் அளவுக்கு ஒரு வட்டம். மருந்துக்கு முன் அங்கே மதிப்பு 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் உச்சம் 520. கடைசித் தொகுப்பில் 430.

தொடக்க ஏற்றம்: 520-லிருந்து 200-ஐக் கழித்து 200-ஆல் வகுத்தால் 160%. 50%-க்குக் கீழே மெதுவு, 50 முதல் 100 வரை நடுத்தரம், 100-க்கு மேல் வேகம். ஆக இது வேகம். பின்பகுதி: 520-லிருந்து 430-க்கு இறங்கியது 17%. 10%-க்கு மேல் ஏறினால் தொடர் ஏற்றம், 10%-க்கு மேல் இறங்கினால் வாஷ்அவுட், இரண்டுக்கும் நடுவே நின்றால் சமநிலை. ஆக இது வாஷ்அவுட்.

வாஷ்அவுட் என்றதும் "மோசமான வகை" என்று எழுதத் தோன்றும். 1999-ல் 266 கட்டிகளை வைத்து வெளியான ஆய்வில், புற்றுகளில் 57.4% வாஷ்அவுட், 33.6% சமநிலை, 8.9% தொடர் ஏற்றம். அதாவது வாஷ்அவுட் என்பது புற்றுகளின் பொது இயல்பு. புற்றா இல்லையா என்ற கேள்விக்கு அது உதவும்; எந்த வகைப் புற்று என்ற கேள்விக்குத் தனியாக நின்று பதில் சொல்லாது.

எந்தக் குறிப்பானுக்குப் படத்தில் என்ன அடையாளம்?

நம்பிக்கையோடு முதலில் சொல்லக்கூடியது டிரிபிள் நெகட்டிவ் வகையைப் பற்றி. மூன்று ஏற்பிகளும் இல்லாத இந்தக் கட்டி பெரும்பாலும் ஒற்றைக் கட்டியாக, உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ, ஓரம் வழவழப்பாக இருக்கும். மருந்து ஏற்றியதும் விளிம்பு மட்டும் வளையம்போல ஒளிரும்; நடுப்பகுதி கறுத்திருக்கும். டி2 படத்தில் அதே நடுப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே அழுகல் இருக்கிறது என்று பொருள். சுற்றிலும் நீர்க்கோர்ப்பு இருக்கலாம். வளைய ஒளிர்வு, டி2-வில் வெள்ளை நடு, சுற்று வீக்கம் மூன்றும் சேர்ந்து வந்தால் டிரிபிள் நெகட்டிவ் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது, கேஐ-67 அதிகமாக இருக்கும் வாய்ப்பும் அப்படியே. இங்கே ஆபத்து எங்கே என்றால், அந்த வழவழப்பான ஓரத்திலும் டி2 வெள்ளையிலும். அல்ட்ராசவுண்டிலோ மேமோகிராமிலோ பார்த்து ஃபைப்ரோஅடினோமா (புற்றல்லாத சாதாரணக் கட்டி) என்று விட்டுவிடப்படும் புற்றுகளில் இந்த வகைக்குத் தனி இடம் உண்டு.

லூமினல் ஏ (ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், கேஐ-67 குறைவு) இதற்கு எதிர்ப்பக்கம். கட்டி சிறிது, ஓரத்திலிருந்து முள்முள்ளாக இழைகள் நீளும். அந்த முட்கள், கட்டியைச் சுற்றி உடல் மெதுவாகப் பின்னிய நார்த்திசு. வளைய ஒளிர்வு அரிது.

ஹெர்2 பாசிட்டிவ் கட்டிகள் ஒரே மார்பகத்தில் பல இடங்களில் இருப்பதும், கட்டியாகத் திரளாமல் பால்நாளம் வழியே பரவிய ஒளிர்வாகத் தெரிவதும் மற்ற வகைகளைவிட அதிகம். நாளத்துக்குள்ளேயே அடங்கிய புற்று கூடவே இருப்பதுதான் காரணம். தொடக்க ஏற்றமும் வேகமாக இருக்கும். ஆனாலும் நான்கு குறிப்பான்களில் படத்துக்கு மிகவும் பிடிகொடுக்காதது ஹெர்2 என்பதே எங்கள் கணிப்பு. ஏனென்றால் ஹெர்2 பாசிட்டிவ் கட்டிகளில் ஒரு பகுதி ஹார்மோன் ஏற்பியும் உள்ளவை. படத்தில் அவை லூமினல் கட்டிபோலவே நடந்துகொள்ளும்.

புரோஜெஸ்டிரோன் ஏற்பிக்கு என்று தனி அடையாளம் கிடையாது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் பின்னாலேயே போகும்.

டிஃப்யூஷன் படத்தின் ஏடிசி மதிப்பு இதில் எங்கே சேரும்?

அதற்கு மருந்து தேவையில்லை. மருந்து ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அலைகின்றன என்பதை ஏடிசி சொல்கிறது. செல்கள் நெருக்கினால் மதிப்பு இறங்கும். பி-மதிப்பு (நீரின் அசைவைப் படம் எவ்வளவு உணர வேண்டும் என்ற அமைப்பு) 0, 800 இரண்டும் போதும். கேஐ-67 கூடினால் ஏடிசி சற்றுக் குறையும், ஹெர்2 பாசிட்டிவில் சற்றுக் கூடும் என்ற போக்கு பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் குழுக்களின் மதிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நிறையவே படிந்துகிடக்கின்றன.

அளக்கும்போது நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: அழுகிய நடுப்பகுதியையும் வட்டத்துக்குள் சேர்த்துவிடுவது. அழுகலில் நீர் தாராளமாக அலைவதால் ஏடிசி ஏறிவிடும், மிக மூர்க்கமான கட்டி சாதுவாகத் தெரியும். மருந்துப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒளிரும் பகுதிக்குள் மட்டும் வட்டம் போடுங்கள். பயாப்சி இடத்தைக் குறிக்க உள்ளே வைத்த கிளிப்பையும் ரத்தக் கட்டையும் தவிர்த்துவிடுங்கள்.

கே-டிரான்ஸ், அதிவேக எம்ஆர்ஐ இவையெல்லாம் கூடுதலாக என்ன தருகின்றன?

கே-டிரான்ஸ் என்பது மருந்து குழாயிலிருந்து திசுவுக்குள் போகும் வீதம். டாஃப்ட்ஸ் மாதிரி என்ற கணிதச் சமன்பாட்டை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதைத் திசு இடைவெளியின் பங்கால் வகுத்தால் மருந்து திரும்பி வரும் வீதம் கிடைக்கும். வெறும் சதவீத ஏற்றத்தைவிட இதற்கு உடலியல் பொருள் உண்டு என்பதுதான் ஈர்ப்பு. சிக்கல், அதற்கு வேண்டிய உள்ளீடுகளில். தமனியில் மருந்தின் செறிவு வினாடிக்கு வினாடி எப்படி மாறுகிறது என்பது தெரிய வேண்டும். திசுவின் அசல் டி1 மதிப்பு தெரிய வேண்டும். அந்த டி1-ஐ அளக்கும் முறை, ரேடியோ அலை மார்பகம் முழுவதும் சமமாகப் பரவுகிறது என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. 3 டெஸ்லாவில் அது சமமாகப் பரவுவதில்லை. ஒரு பக்க மார்பகத்தில் குறைந்தும் மறுபக்கம் கூடியும் இருக்கும். திருத்தாமல் விட்டால் இடது கட்டிக்கும் வலது கட்டிக்கும் வெவ்வேறு கே-டிரான்ஸ் வரும், நோய் ஒன்றாகவே இருந்தாலும்.

அதிவேக முறையில் முதல் ஒரு நிமிடத்துக்குச் சில வினாடிகளுக்கு ஒரு தொகுப்பு எடுக்கிறார்கள். பெருந்தமனி ஒளிர்ந்த எத்தனையாவது வினாடியில் கட்டி ஒளிர்ந்தது, எவ்வளவு செங்குத்தாக ஏறியது என்று பார்க்கலாம். புதிதாகத் தொடங்கும் ஒரு துறைக்கு நாங்கள் பரிந்துரைப்பது கே-டிரான்ஸை அல்ல, இதைத்தான். மாதிரி எதுவும் பொருத்த வேண்டாம், தவறுவதற்கான இடங்கள் குறைவு, வழக்கமான நெறிமுறையின் முன்னால் அப்படியே செருகிவிடலாம்.

ரேடியோமிக்ஸ் (படத்திலிருந்து ஏராளமான அளவீட்டு அம்சங்களைக் கணினியால் பிரித்தெடுத்துக் கணிப்பது) செய்ய விரும்புகிறோம். எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் கோடு போடுவதில். கட்டியின் எல்லையை இரண்டு பேர் தனித்தனியாக வரைந்து, இருவர் வரைந்ததிலும் ஒத்துப்போகும் அம்சங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புமைக் குணகம் 0.8-க்குக் கீழே இருப்பதை எடுத்துவிடுங்கள். திரளாமல் பரவிய ஒளிர்வில் இந்த ஒப்புமை பரிதாபமாக இருக்கும். அதற்காக அத்தகைய நோயாளிகளையே நீக்கிவிட்டால் ஹெர்2 பாசிட்டிவ் ஆட்களில் ஒரு பகுதியை நீக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். நீக்கினால் எத்தனை பேர் என்பதை எழுதுங்கள்.

அடுத்து, வோக்ஸலை (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) ஒரே அளவுக்குக் கொண்டுவருதல், 1 மி.மீ. கனசதுரம் வழக்கம். பிறகு சிக்னலைச் சீராக்குதல். அலகு இல்லாத எண் என்பதால் அசல் படத்தில் அமைவு அம்சங்களைக் கணக்கிடுவதைவிட, மருந்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்ட சதவீத ஏற்றப் படத்தில் கணக்கிடுவது நிலையாக இருக்கும். அம்சங்களின் வரையறைக்கு 2020-ல் வெளியான ஐபிஎஸ்ஐ தரப்படுத்தலைப் பின்பற்றும் மென்பொருளையே பயன்படுத்துங்கள், பைரேடியோமிக்ஸ் இலவசம். சாம்பல் படிகளை எப்படிப் பிரித்தீர்கள் என்பதை எழுதாத கட்டுரையை யாராலும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

எண்ணிக்கையையும் பாருங்கள். 120 நோயாளிகளில் ஹெர்2 பாசிட்டிவ் 18 பேர் என்றால், மாதிரி (கணிக்கும் கணினி நிரல்) கற்றுக்கொள்ள உண்மையில் இருப்பது அந்த 18 பேர்தான். ஓர் அம்சத்துக்குக் குறைந்தது 10 பாசிட்டிவ் ஆட்கள் என்ற பழைய விதிப்படி, இரண்டு அம்சத்துக்குக்கூட அது போதாது. ஆனால் எடுக்கும் அம்சங்களோ ஆயிரத்துக்கும் மேல். அம்சத் தேர்வை எல்லாத் தரவிலும் செய்துவிட்டுப் பிறகு குறுக்குச் சரிபார்ப்பு (தரவைப் பல மடிப்புகளாகப் பிரித்து மாறி மாறிச் சோதிப்பது) செய்தால், வெறும் இரைச்சலிலிருந்தே ஏயூசி (0.5 என்றால் குருட்டு ஊகம், 1 என்றால் பிழையற்ற கணிப்பு) 0.9 வரவழைக்க முடியும். தேர்வு, சீராக்கம், செயற்கையாக எண்ணிக்கை கூட்டுதல் எல்லாமே ஒவ்வொரு மடிப்பின் பயிற்சிப் பகுதிக்குள்தான் நடக்க வேண்டும். ஒரே பெண்ணின் இரண்டு கட்டிகள் பயிற்சியில் ஒன்றும் சோதனையில் ஒன்றுமாகப் போகக் கூடாது. பிரிப்பது ஆளைக்கொண்டு, கட்டியைக்கொண்டு அல்ல.

கருவி குறித்த கசிவு இன்னும் நயமானது. ஹெர்2 பாசிட்டிவ், டிரிபிள் நெகட்டிவ் நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்பே கீமோ தருவது வழக்கம் என்பதால் அவர்கள் ஒரு குறிப்பிட்ட கருவியில், ஒரு குறிப்பிட்ட நெறிமுறையில் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கலாம். மாதிரி அப்போது கட்டியைப் படிக்காது, கருவியைப் படிக்கும். சோதிக்க வழி: கட்டியை விட்டுவிட்டு மார்புத் தசையிலிருந்தோ எதிர்ப்பக்க மார்பகத்திலிருந்தோ அதே அம்சங்களை எடுத்து அதே மாதிரியை ஓட்டுங்கள். அதுவும் ஹெர்2-வைக் "கணித்தால்" தரவில் கோளாறு. அதேபோல், வயது, கட்டியின் அளவு, கிரேடு (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற படி) மூன்றை மட்டும் வைத்து ஓர் எளிய மாதிரி கட்டி, அதைவிட உங்கள் ரேடியோமிக்ஸ் கூடுதலாக என்ன சொன்னது என்று காட்டுங்கள். வடிவ அம்சங்கள் பலவும் மாறுவேடம் போட்ட கட்டி அளவுதான்.

பயாப்சி முடிவையே சரியான விடையாக வைத்துக்கொள்கிறோம். அதில் பிழை வராதா?

வரும். நிறையவே வரும். திசுவை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். இதில் பிசகினால் ஏற்பி இருந்தும் சாயம் ஏறாமல் போய்விடும். கேஐ-67-க்கு வெட்டுக்கோடு எது என்பதே ஊருக்கு ஊர் மாறுகிறது: 2011-ல் 14% என்றார்கள், 2013-ல் 20% பக்கம் நகர்ந்தார்கள், 5%-க்குக் கீழும் 30%-க்கு மேலும் மட்டுமே நம்பலாம் என்கிறது சர்வதேச கேஐ-67 குழு. 18% உள்ள ஒரு கட்டி ஓர் ஆய்வில் 'அதிகம்', இன்னோர் ஆய்வில் 'குறைவு'. முடிந்தால் சதவீதத்தையே கணியுங்கள், பிரிக்காதீர்கள். ஃபிஷ் செய்யாத ஹெர்2 2+ ஆட்களைப் பாசிட்டிவிலும் சேர்க்காதீர்கள், நெகட்டிவிலும் சேர்க்காதீர்கள்.

2022-ல் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் ஆய்வு முடிவு வந்த பிறகு 'ஹெர்2 குறைவு' என்ற பிரிவும் சிகிச்சையில் பொருள் பெற்றுவிட்டது: 1+, அல்லது 2+ ஆக இருந்து ஃபிஷ் நெகட்டிவ். எம்ஆர்ஐ-யால் அதைக் கணிக்கலாம் என்று கட்டுரைகள் வருகின்றன. 0-வையும் 1+-ஐயும் பிரிப்பதில் நுண்ணோக்கியில் பார்க்கும் இருவரே ஒத்துப்போவது கடினம். விடைத்தாளே தடுமாறும் இடத்தில் மாணவனுக்கு மதிப்பெண் போடுவது எப்படி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டுரைகளில் ஏயூசி 0.85, 0.9 என்று பார்க்கிறோம். நம்பலாமா?

ஒரே மையத்தில், நூறு இருநூறு பேரில் வந்த எண் என்றால் பாதி நம்பிக்கையோடு படியுங்கள். பெரிய எண்ணிக்கையில் என்ன ஆகிறது என்பதற்கு 2018-ல் வெளியான ஓர் ஆய்வு நல்ல அளவுகோல்: 922 நோயாளிகள், 529 அம்சங்கள். லூமினல் ஏ-க்கு ஏயூசி 0.697, டிரிபிள் நெகட்டிவுக்கு 0.654, ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு 0.649, புரோஜெஸ்டிரோன் ஏற்பிக்கு 0.622. நாணயம் சுண்டினால் 0.5. தொடர்பு இருப்பது உறுதி. அது தனி ஆளுக்கு முடிவெடுக்கப் போதாது என்பதும் உறுதி.

மிக நல்ல மாதிரி ஒன்று கிடைத்துவிட்டதாகவே வைத்து ஒரு கணக்குப் போடலாம். 1,000 நோயாளிகள், 15% ஹெர்2 பாசிட்டிவ். மாதிரியின் உணர்திறன் 80%, தனித்திறன் 80%. பாசிட்டிவ் 150 பேரில் 120 பேரைப் பிடிக்கும், 30 பேரைத் தவறவிடும். நெகட்டிவ் 850 பேரில் 680 பேரைச் சரியாகச் சொல்லும், 170 பேரைப் பாசிட்டிவ் என்று தவறாகச் சொல்லும். "பாசிட்டிவ்" என்று அது கைகாட்டும் 290 பேரில் உண்மையானவர்கள் 120, அதாவது 41%. அந்த 30 பேருக்கு உயிர் காக்கும் மருந்து போய்ச்சேராது; 170 பேர் இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்தைத் தேவையின்றி வாங்குவார்கள். "துல்லியம் 85%" என்ற வாசகத்தையும் இதே கணக்கில் பாருங்கள்: எல்லோரையும் நெகட்டிவ் என்று சொல்லும் மாதிரிக்கும் துல்லியம் 85% தான்.

பயிற்சிக்குப் பொதுவில் கிடைக்கும் தரவு உண்டா?

உண்டு. டிசிஐஏ என்ற புற்றுநோய்ப் படக் காப்பகத்தில் டியூக் பல்கலைக்கழகத்தின் 922 நோயாளிகள் தொகுப்பு, ஐ-ஸ்பை 1, ஐ-ஸ்பை 2 தொகுப்புகள், டிசிஜிஏ மார்பகத் தொகுப்பு ஆகியவை ஏற்பி விவரங்களோடு கிடைக்கின்றன. மாமா-மியா தொகுப்பு 1,506 பேருக்கு நிபுணர்கள் திருத்திய கட்டி எல்லைகளைத் தருகிறது. ஐ-ஸ்பை ஆய்வுகளில் இருப்பவர்கள் பெரிய கட்டியோடு கீமோவுக்கு வந்தவர்கள். சிறிய லூமினல் ஏ கட்டிகளை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

நோயாளியாகக் கேட்கிறேன்: இந்த ஊசியால் ஆபத்து உண்டா? எப்போது எடுக்க வேண்டும்?

சிறுநீரகம் சரியாக இயங்குபவருக்கு மருந்தின் பாதி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வெளியேறிவிடும். சிறுநீரகம் வடிகட்டும் திறன் (ஈஜிஎஃப்ஆர்) 30-க்குக் கீழே இருப்பவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், முன்பு இந்த மருந்துக்கு ஒவ்வாமை வந்தவர்கள் ஸ்கேனுக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் காடோலினியம் தவிர்க்கப்படுகிறது. தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. கொடுத்த மருந்தில் 0.04%-க்கும் குறைவாகவே பாலில் வருகிறது. மூளையில் சிறிதளவு காடோலினியம் தங்குவது தெரிந்த பிறகு, 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை நேர்ச்சங்கிலி வகை மருந்துகள் பலவற்றை நிறுத்திவைத்தது. வளைய வகை மருந்துகள் காடோலினியத்தை இன்னும் இறுக்கமாகப் பிடித்துவைப்பவை.

மாதவிடாய் வருபவர்களுக்கு 7 முதல் 14-வது நாள் வரை சாதாரண மார்பகத் திசு குறைவாக ஒளிரும், கட்டி தெளிவாகத் தெரியும். ஆனால் புற்று என்று உறுதியாகிவிட்டவர் அந்த நாளுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மார்பகத் திசு விரிப்பான் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். உள்ளே அசையாமல் படுத்திருப்பதுதான் உங்கள் பங்கு. மருந்துக்கு முந்தைய படத்தைப் பிந்தைய படத்திலிருந்து கழித்துப் பார்ப்பதால், இரண்டு மில்லிமீட்டர் அசைவுகூடப் பொய்யான விளிம்பொளியை உண்டாக்கும்.

அப்படியானால் எம்ஆர்ஐ நன்றாக இருந்தால் பயாப்சியைத் தவிர்க்கலாமா?

கூடாது. எந்தச் சிகிச்சை முடிவும் படக் கணிப்பை மட்டும் வைத்து எடுக்கப்படுவதில்லை.

பின்னே இவ்வளவு பாடு எதற்கு? படமும் பயாப்சியும் முரண்பட்டால் யாரை நம்புவது?

கணிப்பின் உண்மையான பயன் இந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது. 14 கேஜ் ஊசி எடுப்பது நூல்போன்ற சில துண்டுகள். எம்ஆர்ஐ பார்ப்பது முழுக் கட்டியை. ஒரே கட்டிக்குள் ஒரு பகுதி ஹெர்2 பாசிட்டிவாகவும் இன்னொரு பகுதி நெகட்டிவாகவும் இருக்க முடியும். மார்பகத்தில் இரண்டு கட்டிகள் வெவ்வேறு விதமாக ஒளிர்ந்தால் இரண்டிலும் ஊசி போக வேண்டும். ஒன்றின் முடிவை மற்றதற்குக் கடன் கொடுக்கக் கூடாது.

நடைமுறையில் அடிக்கடி வரும் ஒரு நிலை: 3 செ.மீ. உருண்டைக் கட்டி, வளைய ஒளிர்வு, டி2-வில் வெள்ளை நடு, சுற்றிலும் நீர்க்கோர்ப்பு. பயாப்சி அறிக்கையோ கிரேடு 1, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், கேஐ-67 8% என்கிறது. இரண்டும் ஒரே கட்டியைப் பேசவில்லை. முதலில் ஊசி எங்கே போனது என்று கிளிப்பின் இடத்தை வைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒட்டியிருந்த வேறொரு சிறு கட்டியிலிருந்து திசு வந்திருக்கலாம். நோயியல் மருத்துவரை அழைத்துத் துண்டில் உயிருள்ள புற்றுத் திசு எவ்வளவு இருந்தது, சாயச் சோதனையின் கட்டுப்பாட்டுத் துண்டு சரியாக ஏறியிருந்ததா என்று கேளுங்கள். பிறகு ஒளிரும் விளிம்பைக் குறிவைத்து மறுபடி பயாப்சி எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் குத்தினால் கிடைப்பது அழுகல்; சாயம் ஏறாது, ஏறினாலும் நம்ப முடியாது.

இந்த மறு பயாப்சி கீமோ தொடங்குவதற்கு முன்பே நடக்க வேண்டும். நேரடியாக அறுவைக்குப் போகும் கட்டியில் சந்தேகம் வந்தால், வெட்டி எடுத்த பிறகும் சோதித்துக்கொள்ளலாம். கீமோவுக்கு முழுதாகக் கரைந்துவிடும் கட்டியில், திரும்பச் சோதிக்கத் திசுவே மிஞ்சாது.